கத்தரி வைப்பதற்கு முன்

கடையில் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். துணி வெட்டும் மேசை அவள் பொறுப்பில் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் நாலு பேர். வெட்டுகிறவள் அவள் ஒருத்திதான். தைத்தது தப்பானால் பிரித்துத் தைக்கலாம், வெட்டியது தப்பானால் துணி போனது போனதுதான். அதனால் கடையில் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். துணிக்குச் சொந்தக்காரி எதிரில் நின்று, சாக்குக்கட்டிக் கோட்டைக் கண்ணால் பார்த்து, "சரி, வெட்டுங்க" என்று சொல்லாமல் கத்தரி துணியைத் தொடாது.

அன்று காலையும் ஒரு அம்மாள் வந்து நின்று, கழுத்தை இறக்குவதா ஏற்றுவதா என்று முக்கால் மணி நேரம் குழம்பினாள். மாஸ்டர் தன் ஒன்பது மாத வயிற்றை மேசை விளிம்பில் சாய்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல மாஸ்டர். உங்க இஷ்டத்துக்கு வெட்டிடுங்க."

"துணி உங்களோடதும்மா. நான் என் இஷ்டத்துக்கு வெட்டிட்டு, நீங்க வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு என்னைத் திட்டுறதா? மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிடல."

"ஓடற நிலைமையிலயா இருக்கீங்க?" என்று மெஷின் பக்கத்திலிருந்து ஒருத்தி சொல்ல, கடையே சிரித்தது. கழுத்து ஏறியது. கத்தரி ஓடியது. துண்டை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் இடுப்பில் முதல் வலி சுருக்கென்று பிடித்து இழுத்தது. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி பத்து நிமிஷம். பயந்தாளா என்றால், பயந்தாள். வலிக்குப் பயப்படவில்லை. அந்தப் பிரசவ அறைக்குத்தான் பயந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் பிறந்தபோது, அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிக் கட்டினார்கள். தண்ணீர் கேட்டாள், கொடுக்கவில்லை. யாரோ ஒருத்தி ஸ்டூல் மேல் ஏறி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்து அழுத்தினாள். அப்புறம் கீழே சுரீரென்று ஒரு வலி. அது பிரசவ வலி இல்லை. கத்தரி போகிற சத்தம் அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? "என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். "பேசாம படு" என்றது ஒரு குரல். அதுதான் பதில். மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் தைத்தும் முடித்தார்கள். மூன்று மாதம் அவளால் ஒழுங்காக நாற்காலியில் உட்கார முடியவில்லை. அந்த வலியைக்கூட மறந்துவிட்டாள். "பேசாம படு" மட்டும் போகவே இல்லை. சாப்பிடும்போது வரும், பஸ்ஸில் போகும்போது வரும். இரண்டாவது பிள்ளை தரிக்க ஆறு வருஷம் ஆனதற்கு அந்த இரண்டு வார்த்தைதான் காரணம்.

அன்றைக்கு வெளியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவள் புருஷன். லிஃப்ட் மெக்கானிக். பதினோராவது மாடியில் கம்பியில் தொங்குகிற லிஃப்டின் தலையில் ஏறி நின்று வேலை பார்ப்பான். ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவான். வேலை முடிந்ததும் காவலாளி நீட்டுகிற நோட்டில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. ஆஸ்பத்திரியிலும் நீட்டினார்கள், போட்டான்.

"எதுல போட்டீங்க?" என்று பிறகு ஒரு நாள் கேட்டாள்.

"படிக்கலைம்மா. எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அவள் உடம்பில் கத்தரி வைக்க அவன் கையெழுத்து போதும் என்று ஒரு உலகம் நினைத்ததே, அதை நினைத்தால் அவளுக்கு இன்றும் காது சூடாகும்.

இரண்டாவது தரித்தபோது, வயிறு பெரிதாவதற்கு ஏற்ற உடுப்பு தைக்க வந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர்தான் பிரசவத் திட்டம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னாள். பிரசவத்தில் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரியில் கொடுப்பது. மாஸ்டர் அந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து எழுதினாள். இருபத்து மூன்று வரி வந்தது.

அதை டைப் செய்து தரச் சொல்லி நாத்தனாரிடம் கொடுத்தாள். புருஷனுக்கு அக்கா, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். படித்துவிட்டு நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏன்டீ, இது பிள்ளை பெத்துக்கற திட்டமா, இல்ல சொத்துத் தகராறுல கோர்ட்டு குடுத்த தீர்ப்பா? நானும் ரெண்டு பெத்தேன். பேப்பர் எழுதியா பெத்தேன்? வலிச்சுது, கத்தினேன், வந்துச்சு."

"உங்களை எதுவும் கேட்டாங்களா அண்ணி?"

"எங்கிட்ட என்னத்தைக் கேக்கறது?" என்றாள் நாத்தனார் சட்டென்று. கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "இருபத்து மூணு ரொம்ப அதிகம். படிக்க மாட்டாங்க. வெட்டு" என்றாள்.

வெட்டுவது மாஸ்டருக்குக் கைவந்த கலை. ஏழு வரியில் நின்றது. கூட ஒரு துணை வேண்டும். வலியின்போது நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் விட வேண்டும். காலைக் கட்டக் கூடாது, எனக்குத் தோதான நிலையில் இருப்பேன். வயிற்றை யாரும் அழுத்தக் கூடாது. என்னைக் கேட்காமல் வெட்டுப் போடக் கூடாது, போட்டால் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் தைக்க வேண்டும். பிறந்ததும் குழந்தையை என் மார்பில் போட வேண்டும். ஏழாவது வரி இப்படி இருந்தது: ஆபத்து வந்தால் மேலே உள்ள ஆறையும் மாற்றலாம், மாற்றுவதற்கு முன் என்னிடம் சொல்லி, என்னைக் கேட்க வேண்டும்.

மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் தாளை நீட்டினாள். வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் மேலோட்டமாகப் பார்த்தாள்.

"இன்டர்நெட்டுல படிச்சீங்களா? பிரசவம் என்னம்மா ரயிலா, டைம்டேபிள் போட்டுக்கிட்டு வர்றதுக்கு? பார்த்துக்கலாம்."

பெரியவர்கள் "பார்த்துக்கலாம்" என்றால் பார்க்கப் போவதில்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். உதவியாளர் அந்தத் தாளைக் கோப்பின் கடைசியில், ஸ்கேன் படங்களுக்கும் பின்னால், எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துப் பின் அடித்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று மாஸ்டர் புரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து இன்னும் இரண்டு நகல் எடுத்து வைத்தாள்.

துணைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. புருஷன் உள்ளே வந்தால் அவனுக்கு ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும். குடும்பத்திலேயே பஸ் கண்டக்டர், காய்கறிக்காரர், மேலதிகாரி என்று பாகுபாடு பார்க்காமல் சண்டை போடுகிற ஒரே ஆள் நாத்தனார். "உங்களைத்தான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி" என்றதும், "உனக்கு மூளை கலங்கிடுச்சு" என்று திட்டிவிட்டு, மறுநாளே ஆபீசில் லீவு சொல்லி வைத்தாள்.

வலி கண்ட அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு மாஸ்டர், புருஷன், நாத்தனார் மூன்று பேரும் ஆஸ்பத்திரியின் சேர்க்கைக் கவுண்டரில் நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த எழுத்தர் ஆறு தாளை நீட்டினார். நீட்டிய வேகத்தில் லிஃப்ட் மெக்கானிக்கின் கை பேனாவைத் தேடிப் போனது. மாஸ்டர் அந்தப் பேனாவைப் பிடுங்கினாள்.

"நீங்க இன்னைக்கு எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. யார் கேட்டாலும். நான் செத்துட்டேன்னு சொன்னாக்கூட, நேர்ல வந்து பார்த்துட்டுப் போடுங்க."

"ஏம்மா அப்படியெல்லாம் பேசற?" என்று அவன் கண் கலங்கினான்.

அவள் ஆறு தாளையும் கவுண்டர் பலகையில் பரப்பி வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். நடுவில் வலி வந்தால் பலகையைப் பிடித்துக் குனிந்து நிற்பாள், போனதும் விட்ட வரியிலிருந்து படிப்பாள். பின்னால் வரிசை நீண்டது.

"எல்லாரும் போடுறதுதாம்மா" என்றார் எழுத்தர். "படிச்சுப் போட்டவங்களை நான் பார்த்ததே இல்ல."

"இப்ப பாருங்க. இந்த நாலாவது தாள்ல, என்ன சிகிச்சைங்கிற இடம் காலியா இருக்கே. இதுல பின்னால யார் எழுதுவாங்க?"

"அது... தேவைப்பட்டா எழுதிக்குவாங்க."

"நான் கையெழுத்துப் போட்ட பிறகா? நல்லா இருக்கே கதை! அளவு எடுக்காமலே துணியை வெட்டிட்டு, பிறகு அளவு எழுதிக்கற மாதிரியில்ல இருக்கு?" காலி இடத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள். "உங்க ஆறு தாளையும் நான் படிச்சிட்டேன். என்னோடது ஒரே ஒரு தாள். அதை உங்க பக்கத்துல யாராவது என் கண் முன்னாடி படிக்கணும். அப்புறம் நான் உள்ள வர்றேன்."

எழுத்தருக்கு இது புதுப் பிரச்சினை. உள்ளே போன் போட்டார். இடி சிஸ்டர் வந்தாள்.

பிரசவ வார்டின் மூத்த நர்ஸ் அவள். இருபத்து இரண்டு வருஷ அனுபவம். அவள் குரல் கேட்டால் குழந்தைகள் பயந்து தாமாகவே வெளியே வந்துவிடும் என்று வார்டில் கேலி செய்வார்கள். இடி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

"பேப்பர் கேஸா?" என்றாள் எழுத்தரைப் பார்த்து. பிறகு மாஸ்டரிடம் திரும்பி, "இங்க பாரும்மா, பேப்பரோட வந்தவங்க முக்கால்வாசிப் பேர் கடைசியில ஆபரேஷன் தியேட்டர்லதான் போய்ப் படுத்திருக்காங்க. பிள்ளை பேப்பர் படிச்சுட்டா வருது?" என்றாள்.

"பிள்ளை படிக்க வேணாம் சிஸ்டர். நீங்க படிங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இடி சிஸ்டர் தாளை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி கிண்டலாகவே படித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ராகம் போட்டுக்கொண்டே வந்தவள், ஏழாவது வரியில் ராகத்தை விட்டாள். அதை மட்டும் வாய்க்குள் இன்னொரு தடவை படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்ல."

"செய்றேன்னு எழுதச் சொல்லல. படிச்சேன்னு எழுதி, நேரம் போட்டுக் குடுங்க. போதும்."

இடி சிஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வலியில் நெற்றி வியர்த்து, ஆனால் அசையாமல் நிற்கிற ஒருத்தி. "படித்தேன்" என்று எழுதி, நேரம் போட்டு, தாளைக் கோப்பின் முதல் பக்கமாக வைத்தாள். "அந்தம்மாவும் உள்ள வரட்டும். செருப்பை வெளிய விடச் சொல்லு" என்று நாத்தனாரைக் காட்டிச் சொன்னாள்.

அடுத்த மூன்று மணி நேரம் மாஸ்டர் நடந்தாள். பிரசவ அறையில் நாலு கட்டில், நடுவில் பச்சைத் திரைகள். ஜன்னலிலிருந்து கை கழுவும் தொட்டிவரை பதினாறு எட்டு. வலி வரும்போது நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள்; "என் கழுத்து ஒடிஞ்சா உன் வீட்டுக்காரன்தான் பதில் சொல்லணும்" என்று முனகிக்கொண்டே நாத்தனார் அவள் இடுப்பைத் தேய்த்துவிடுவாள், தண்ணீர் கொடுப்பாள். இடி சிஸ்டர் அவ்வப்போது வந்து குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த இரண்டு வார்த்தையைக்கூட ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை.

மூன்றரை மணிக்கு டாக்டர் வந்தாள். வந்தாள் என்பதைவிட ஓடி வந்தாள் என்று சொல்ல வேண்டும். வெளி நோயாளிகள் கூட்டம் ஒரு பக்கம், ஆபரேஷன் ஒன்று இன்னொரு பக்கம். பரிசோதித்துவிட்டு, "படுக்க வைங்க. காலைக் கட்டுங்க. ஒரு வெட்டுப் போட்டுச் சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று கையுறையை இழுத்து மாட்டினாள். தட்டில் கத்தரி பளபளத்தது.

மாஸ்டர் கத்தரியைக் காட்டினாள். "டாக்டர், அது எதுக்கு?"

"பேசாம படும்மா."

அதே வார்த்தை. ஒரு 'அம்மா' மட்டும் கூடியிருந்தது. ஆறு வருஷமாக அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று அவள் பஸ்ஸிலும் சமையலறையிலும் நூறு தடவை யோசித்திருக்கிறாள். மாஸ்டர் இரண்டு கையையும் ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"படுக்க மாட்டேன். பேசத்தான் போறேன். டாக்டர், நான் துணி வெட்டுறவ. முழக்கணக்குல கிடைக்கிற துணியில கத்தரி வைக்கறதுக்கே, சொந்தக்காரங்க சரின்னு சொல்லணும்னு காத்துக்கிட்டு நிப்பேன். இது என் உடம்பு. என்ன ஆபத்து, எதுக்கு வெட்டுன்னு சொல்லுங்க. நியாயமா இருந்தா நானே சரின்னு சொல்றேன். சொல்லாம கத்தரி கிட்ட வந்துச்சுன்னா, இந்தக் கட்டிலை விட்டு இறங்கி நடந்துடுவேன்."

"ஐந்தாவது வரி!" என்று நாத்தனார் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல உரக்கச் சொன்னாள். "என்னைக் கேட்காமல் வெட்டுப் போடக் கூடாது. உங்க சிஸ்டரே படித்தேன்னு எழுதி, நேரமும் போட்டிருக்காங்க."

டாக்டரின் முகம் சிவந்தது. "எனக்கு நேரமில்ல சிஸ்டர். வெளிய புருஷன் இருப்பார் இல்ல? அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

இடி சிஸ்டர் ஒரு சம்மதத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தாள். தாளில் கையெழுத்து இல்லை. அவள் முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு, அடக்கியும் அடங்காமல் இருந்தது.

"போட மாட்டேங்கிறார் டாக்டர். ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கிறார். உடம்பு அவளோடது, உள்ள இருக்கறவளைக் கேளுங்கன்னு சொல்றார். சொல்லிட்டு அழறார்."

கட்டிலில் இருந்தவள் அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். அட, என் மனுஷா! கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் போட்ட கையெழுத்துகளைவிட, அவன் போடாத அந்த ஒன்று அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"துடிப்பு நல்லா இருக்கு டாக்டர்" என்று இடி சிஸ்டர் மெல்லச் சேர்த்தாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. பொறுக்கலாம். நான் பார்த்துக்கறேன்." டாக்டர் ஒரு நொடி நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போனாள்.

மாஸ்டர் கட்டிலில் மண்டியிட்டு, தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அவளுக்குத் தோதாக இருந்தது. நாற்பது நிமிஷம் அப்படிப் போராடினாள். எழுதிய ஏழு வரியும் எழுதியபடியே நடந்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். ஆனால் வயிற்றில் இருப்பது தாளில் எழுதியதைப் படிப்பதில்லை என்று இடி சிஸ்டர் சொன்னதும் பொய்யில்லை. குழந்தையின் தலை தெரிகிற நேரத்தில் துடிப்பு இறங்கியது. ஒரு வலி முடிந்த பிறகும் பழையபடி ஏறவில்லை. இடி சிஸ்டர் மணியை அழுத்தினாள். டாக்டர் ஓடி வந்தாள், துடிப்பைக் கேட்டாள், மாஸ்டரைத் திருப்பிச் சாய்க்கச் சொல்லிவிட்டுக் கத்தரிக்குக் கை நீட்டினாள்.

தட்டு இடி சிஸ்டர் கையில் இருந்தது. அவள் அதை நீட்டவில்லை.

"ஏழாவது வரி டாக்டர். ஒரு வார்த்தைதான். கேட்டுடுங்க."

டாக்டர் குனிந்தாள். முதல் தடவையாக மாஸ்டரின் கண்ணைப் பார்த்தாள்.

"அம்மா, குழந்தையோட இதயத் துடிப்பு குறையுது. ஒரு சின்ன வெட்டுப் போட்டா இப்பவே வெளிய எடுத்துடலாம். மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் போடுவேன். போடட்டுமா?"

"போடுங்க" என்றாள் மாஸ்டர்.

அவ்வளவுதான். கேட்டதற்கும் பதிலுக்கும் சேர்த்து ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. நேரமில்லை, நேரமில்லை என்று இத்தனை காலமாகச் சொல்லி வந்தார்களே, அந்த நேரம் இவ்வளவுதான். ஊசி, வெட்டு, ஒரு பெரிய முக்கல். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்த பெண் குழந்தை முதலில் சத்தமில்லாமல் இருந்தது. இடி சிஸ்டர் துணியால் முதுகைத் தேய்த்தாள். அடுத்த கணம் வீல் என்று கத்தியது. "இது அத்தை குரல்!" என்று கத்திக்கொண்டே நாத்தனார் அழுதாள். குழந்தை மாஸ்டரின் மார்பில் வந்து கிடந்தது, ஈரமும் சூடுமாக.

டாக்டர் தைக்கும்போது மாஸ்டருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "வலிக்குதா?" என்று டாக்டர் கேட்டாள். வலிக்கவில்லை என்று தலையாட்டினாள். போன தடவையும் வெட்டு, இந்தத் தடவையும் வெட்டு. ஆனால் போன தடவை அவள் உடம்பிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. இந்தத் தடவை அவளே கொடுத்தாள். அதற்குத்தான் அழுதாள், சந்தோஷத்தில்.

பெற்றவளை இரண்டு மணி நேரம் அதே அறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். மாஸ்டர் குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். நாத்தனார் தம்பியிடம் சேதி சொல்லப் போயிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். இருபது வயதுகூட இருக்காது, தலைப்பிரசவம், கூட யாருமில்லை. கத்தக்கூடப் பயந்து, போர்வையைக் கடித்துக்கொண்டு முனகினாள். டாக்டர் வந்தாள். கால் கட்டுகிற பட்டையின் சத்தம் கேட்டது. தட்டில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது.

"என்ன பண்ணப் போறீங்க?" என்று மெல்லிசாக ஒரு குரல்.

"பேசாம படும்மா" என்றாள் டாக்டர். கெட்ட எண்ணமில்லாமல், பழக்கத்தில், களைப்பில்.

மாஸ்டர் கையை நீட்டித் திரையை இழுத்தாள். அது பாதிவரை திறந்தது. கத்தரித் தட்டைப் பிடித்துக்கொண்டு இடி சிஸ்டர் நின்றிருந்தாள்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு கேக்குதே. பதில் சொல்லுங்க."

இடி சிஸ்டர் தயங்கினாள். இத்தனைக்கும் இன்று அவள் மாஸ்டரின் பக்கம் நின்றவள்தான். "உங்களோடது வேறம்மா" என்றாள் தாழ்ந்த குரலில். "இந்தப் பொண்ணு பேப்பர் எதுவும் கொண்டு வரலையே."

"பேப்பர் கொண்டு வரல, சரி. உடம்பைக் கொண்டு வந்திருக்கால்ல? அது அவளோடதுதானே சிஸ்டர்? எழுதத் தெரிஞ்சவளைக் கேக்கணும், சண்டை போடத் தெரிஞ்சவளைக் கேக்கணும், தெரியாதவளை வெட்டலாமா? என்னை மாதிரி ஒருத்தி பேப்பர் எழுதிட்டு வந்ததே, நீங்க கேக்காததாலதான். எல்லாரையும் கேட்டீங்கன்னா, எவளும் எழுத வேண்டியதே இல்ல."

டாக்டர் மாஸ்டரைப் பார்த்தாள், அவள் மார்பில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். இடி சிஸ்டர் தட்டைக் கொண்டுபோய் தூரத்து மேசையில் வைத்தாள். திரும்பி வந்து, கால் பட்டையை அவிழ்த்தாள். அந்தப் பெண்ணின் தலைமாட்டில் குனிந்து, வார்டில் யாரும் அவளிடமிருந்து கேட்டிராத குரலில் கேட்டாள்.

"உனக்கு என்னம்மா வேணும்? சொல்லு. நீ சொல்றவரைக்கும் உன்னை யாரும் தொட மாட்டாங்க."

அந்தப் பெண் தன்னைத்தான் கேட்கிறார்களா என்று இடமும் வலமும் பார்த்தாள். பிறகு போர்வையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"எனக்கு எழுந்து உக்காரணும்!"